வாய்க்கு வராத 'போறேன்'

போன வருஷம் கோடை விடுமுறையில் நடந்தது இது. பாளையங்கோட்டையில், எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஒரு கல்யாண மண்டபத்தில். அந்த மண்டபத்தில் சொந்தக்காரர்கள் கல்யாணத்துக்குப் போய், தேங்காய்ப்பால் சொதிச் சாப்பாட்டுப் பந்தியில் இடம் பிடிக்க முண்டியடித்தவள் நான். அதே மண்டபத்தில், நடிக்க ஆள் எடுக்கிறார்கள் என்று ஒரு நாள் போய் நிற்பேன் என்று கனவிலும் நினைத்ததில்லை.

இல்லை, பொய் சொல்லக் கூடாது. கனவில் நினைத்திருக்கிறேன். அதுவும் நிறையத் தடவை.

நான் ஒரு தனியார் பள்ளியில் அறிவியல் டீச்சர். வயது நாற்பத்து நாலு. கல்லூரியில் படிக்கும்போது ஆண்டு விழா நாடகம் நான் இல்லாமல் நடக்காது. ராணி வேஷம், கிழவி வேஷம், ஒரு தடவை மீசை ஒட்டிக்கொண்டு போலீஸ் வேஷம்கூடப் போட்டிருக்கிறேன். கடைசி வருஷ நாடகம் முடிந்து முகத்து மையைக் கழுவின கையோடு கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. நல்ல இடம், நல்ல மனுஷன், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மேடையிலிருந்து இறங்கியவள் இறங்கியவள்தான். அதற்குப் பிறகு ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதயம் எப்படித் துடிக்கிறது என்று கையை விரித்து மூடி நடித்துக் காட்டியதோடு சரி.

விடுமுறை விட்ட சமயம், கூட வேலை பார்க்கும் டீச்சர் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியை அனுப்பினாள். தாமிரபரணிக் கரையில் நடக்கிற ஒரு குடும்பக் கதையை இணையத் தொடராக எடுக்கிறார்களாம். நடுத்தர வயதுப் பெண்கள் வேண்டும், இந்த வட்டாரத்து முகமாக இருக்க வேண்டும், முன் அனுபவம் தேவையில்லை என்று போட்டிருந்தது. சும்மா வேடிக்கைக்கு அனுப்பினேன் என்றாள். எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

என் வீட்டுக்காரர் கங்கைகொண்டானில் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறார். கணக்குப் பார்க்கிறவர்களுக்கே உள்ள சந்தேக புத்தி அவருக்குக் கொஞ்சம் கூடுதலாகவே உண்டு. செய்தியைக் காட்டியதும் முதல் கேள்வியே, "பணம் கேக்கானா?" என்பதுதான். இல்லை என்றேன். "போட்டோ கேக்கானா? எந்த மாதிரி போட்டோ?" அதோடு விடவில்லை. அந்த எண்ணுக்கு அவரே போன் போட்டு, ஆபீஸ் எங்கே இருக்கிறது, இதற்கு முன் என்ன படம் எடுத்தார்கள், ஆடிஷனுக்குக் கூட ஒரு ஆள் வரலாமா என்று போலீஸ்காரர் மாதிரி விசாரித்தார். எதிர்முனையில் பேசிய பெண் பொறுமையாகப் பதில் சொன்னாள். போனை வைத்துவிட்டு, "சரி, ஒழுங்கான ஆட்கள் மாதிரிதான் தெரியுது, அனுப்பு" என்றார். இதைப் படிக்கிற யாருக்காவது என்னைப் போல் ஆசை இருந்தால், முதலில் இப்படி ஒரு சந்தேகப் பிராணியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

என்னைப் பற்றி நானே பேசி ஒரு வீடியோ அனுப்பச் சொன்னார்கள். அவர்தான் செல்போனைப் பிடித்தார். முதல் தடவை என் தலை பாதிக்கு மேல் தெரியவில்லை. அடுத்த தடவை குக்கர் விசில் அடித்தது. ஒருவழியாக நான் டி.வி. சீரியலில் பேசுகிற தமிழில் பேசி முடித்தபோது அவர் சிரிப்பை அடக்க முடியாமல், "ஏட்டி, நீ எப்பம் மெட்ராஸ்ல பொறந்த?" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அப்படியே அனுப்பிவிட்டேன்.

அதையும் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார்கள். அதுதான் ஆச்சரியம்.

மண்டபத்தில் மணமகள் அறையைத்தான் ஆடிஷனுக்கு ஒதுக்கியிருந்தார்கள். அடுத்தடுத்து வருகிறவர்கள் உள்ளேயே ஒரு ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்திருக்கலாம். டைரக்டர் சேலம் பக்கத்துக்காரர். என்னைவிடப் பத்து வயதாவது சின்னவர், தன்மையாகப் பேசினார். காட்சியை விளக்கினார். சொத்துத் தகராறில் அண்ணன் வாய்க்கு வந்தபடி பேசிவிடுகிறான். தங்கச்சி பிறந்த வீட்டை விட்டு ஒரேயடியாகக் கிளம்புகிறாள். அதற்குப் பிறகு அவள் அந்த வீட்டுக்கு வருவதே இல்லை. வசனம் இரண்டே வரிதான். "நான் போறேன்ணே. இனி இந்த வாசல மிதிக்க மாட்டேன்." அந்த 'போறேன்' என்கிற சொல்லில்தான் மொத்தக் கதையும் நிற்கிறது மேடம் என்றார்.

இரண்டு வரியா பெரிய விஷயம் என்று நினைத்தேன். உதவியாளர் ஒருவர் அண்ணனாக நின்றார். கேமரா ஓடியது. நான் அவரை நிமிர்ந்து பார்த்தேன். கண்ணில் தண்ணீர்கூட வந்துவிட்டது. குரல் நடுங்கச் சொன்னேன்.

"நான் வாரேன்ணே. இனி இந்த வாசல மிதிக்க மாட்டேன்."

ஓரத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். எனக்கு ஏன் என்றே புரியவில்லை. டைரக்டர் மட்டும் சிரிக்காமல், "மேடம், வருவீங்களா, வர மாட்டீங்களா? ஏதாவது ஒண்ணு சொல்லுங்க" என்றார்.

என்ன செய்ய? வீட்டை விட்டுக் கிளம்பும்போது 'போறேன்' என்று நம் பக்கத்தில் யார் சொல்கிறார்கள்? அதிலும் எங்கள் அம்மா வீட்டில் அது சட்டம் மாதிரி. தெருமுனைக் கடைக்குத் தீப்பெட்டி வாங்கப் போனாலும் 'வாரேன்'தான். தப்பித் தவறி 'போறேன்' என்று வாயில் வந்துவிட்டால் அம்மா விட மாட்டாள். திரும்ப உள்ளே வந்து, உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்து, 'வாரேன்' என்று சொல்லிவிட்டுத்தான் மறுபடி படி இறங்க வேண்டும். இப்படித் தண்ணீர் குடிக்கப் போய் நான் காலேஜ் பஸ்ஸைத் தவற விட்டிருக்கிறேன். அந்த வாய் எப்படி 'போறேன்' என்று சொல்லும்?

இரண்டாவது தடவை, "நான் போ... போயிட்டு வாரேன்ணே" என்றேன். அடுத்த தடவை 'போறேன்' என்று சரியாகச் சொல்லி, 'மிதிக்க மாட்டேன்' என்பதை மறந்துவிட்டேன். வியர்த்து ஊற்றியது. கல்லூரி மேடையில் பக்கம் பக்கமாக வசனம் பேசியவள் ஒரு சொல்லுக்கு இப்படித் தடுக்கி விழுகிறேனே என்று அவமானமாக இருந்தது. இத்தனை வருஷம் கழித்து ஒரு கதவு திறந்திருக்கிறது, அதை நானே சாத்திவிடுவேன் போலிருக்கிறதே என்று பயமாகவும் இருந்தது.

இன்னும் ஒரே தடவை என்றார் டைரக்டர். பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லிவிட்டேன். இரண்டு வரியும் சரியாக வந்தது. சொன்ன கையோடு, அவர் சொல்லியிருந்தபடி விறுவிறுவென்று கதவைத் தாண்டி வெளியே நடந்தேன்.

வெளியே என் வீட்டுக்காரர் ஹெல்மெட்டும் கையுமாக நின்றுகொண்டிருந்தார். அரை நாள் லீவு முடிந்து கங்கைகொண்டானுக்கு வண்டியில் கிளம்பக் காத்திருந்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சு திக்கென்றது. வாயால் 'போறேன்' என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். இவரோ நாற்கர ரோட்டில் வண்டி ஓட்டிக்கொண்டு போக வேண்டும்.

அவ்வளவுதான். திரும்ப உள்ளே போனேன். ஓரத்தில் காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்த பெண்ணின் மடியில் தண்ணீர் பாட்டில் இருந்தது. கேட்காமலே எடுத்து ஒரு வாய் குடித்தேன். எழுந்து, அண்ணனாக நின்ற அந்தத் தம்பியைப் பார்த்து, "வாரேன்ணே" என்று சொல்லிவிட்டு மறுபடி வெளியே போனேன். நாற்பது வருஷப் பழக்கம் கேமராவுக்கெல்லாம் பயப்படுமா?

கேமரா ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. டைரக்டரின் உதவியாளர் பெண் ஒருத்தி பின்னாலேயே ஓடி வந்து, என்ன மேடம் ஆச்சு என்று கேட்டாள். அசடு வழிய விஷயத்தைச் சொன்னேன். உள்ளே கூப்பிட்டுப் போய் டைரக்டரிடமும் சொல்லச் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டு, நன்றி மேடம், தகவல் சொல்கிறோம் என்றார். தகவல் சொல்கிறோம் என்றால் என்ன அர்த்தம் என்று ஊருக்கே தெரியும்.

அந்த வேஷம் எனக்குக் கிடைக்கவில்லை. அன்று என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த, வள்ளியூரிலிருந்து வந்த பெண்ணுக்குக் கிடைத்ததாகச் சில நாள் கழித்துத் தெரிந்தது. நான் யாருடைய பாட்டிலைப் பிடுங்கிக் குடித்தேனோ, அதே பெண். எனக்கு வருத்தம் என்றால் சாதாரண வருத்தம் இல்லை. வெளியே சிரித்துக்கொண்டு திரிந்தேன், உள்ளுக்குள் ஆறவே இல்லை. என் வீட்டுக்காரர் அந்தச் சமயத்தில் ஒரு வார்த்தை கேலி பேசவில்லை. தானாகவே பஜாரில் இறங்கி அல்வா வாங்கிக்கொண்டு வந்தார். சூடாக இருந்தது, சாப்பிட்டேன்.

பள்ளி திறந்து பாடம் ஆரம்பித்த பிறகு, ஒரு மத்தியானம் அந்த உதவியாளர் பெண்ணிடமிருந்து போன் வந்தது. ஒரு நாள் வேலை, சின்ன வேஷம், பக்கத்து வீட்டுக்காரியாக வர முடியுமா என்றாள். என்ன காட்சி என்று கேட்டேன். அந்தத் தங்கச்சி 'போறேன்' என்று சொல்லிவிட்டுப் படி இறங்கும்போது, பக்கத்து வீட்டுக்காரி கூப்பிட்டு உட்காரவைத்துத் தண்ணீர் கொடுக்கிறாள் என்றாள். ஆசிரியர் அறையில் நின்றுகொண்டிருந்த எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஸ்ரீவைகுண்டத்தில் ஆற்றங்கரைப் பக்கம், வாழைத் தோட்டத்தை ஒட்டின ஒரு வீட்டில் படப்பிடிப்பு. காலையில் போனவளுக்கு வெயில் சாய்ந்த பிறகுதான் முறை வந்தது. நான் வீட்டில் பார்த்துப் பார்த்துப் பூசிக்கொண்டு போன பவுடரை முதல் வேலையாகத் துடைத்துவிட்டார்கள். கொண்டுபோன புதுச் சேலையும் வேண்டாமாம். மாற்றுக்கு வைத்திருந்த பழைய காட்டன் சேலையைக் கட்டச் சொன்னார்கள்.

எனக்கு எழுதி வைத்திருந்த வசனம் வேறு. அதைப் படித்துவிட்டு டைரக்டர், "மேடம், உங்க அம்மா எப்படிச் சொல்லுவாங்களோ, அப்படியே சொல்லுங்க" என்றார். வள்ளியூர்ப் பெண் கையில் பையோடு படி இறங்கினாள். 'போறேன்' என்றாள். நல்ல நடிகை. நான் வாசலில் நின்று கூப்பிட்டேன்.

"ஏட்டி, இங்கன வா. அப்படிச் சொல்லிட்டுப் போவக் கூடாது. உக்காரு. ஒரு வாய் தண்ணி குடி."

அவள் உட்கார்ந்தாள். செம்பை வாங்கிக் குடித்தாள். பிறந்த வீட்டுப் பக்கம் திரும்பவே இல்லை. என்னை மட்டும் பார்த்து, மெதுவாக, "வாரேன்க்கா" என்றாள். அது அவளுக்கு எழுதிக் கொடுத்த வசனம்தான் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அழுதுவிட்டேன். டைரக்டர், "ஓகே, அடுத்த ஷாட்" என்றார். லைட்டை எல்லாம் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டார்கள். அவ்வளவுதான் என் நடிப்பு.

டீ குடிக்கும்போதுதான் அவள் பேசினாள். வள்ளியூரில் பியூட்டி பார்லர் வைத்திருக்கிறாளாம். வருஷக்கணக்காக மெட்ராஸுக்குப் பஸ் ஏறி ஆடிஷன் ஆடிஷனாகப் போய்த் திரும்பியவளாம். இப்படி ஒரு காட்சி வைக்கலாம், அந்த டீச்சரையே கூப்பிடுங்கள் என்று டைரக்டரிடம் சொன்னதே அவள்தான் என்று தெரிந்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏன் சொன்னீங்க என்று கேட்டேன்.

"ஒவ்வொரு எடத்துலயும் வெளிய வரும்போது 'வாரேன் சார்'னுதான் சொல்லுவேன்க்கா. 'வாங்க'ன்னு ஒருத்தரும் சொன்னதில்ல. நீங்க எம் பாட்டில எடுத்துக் குடிச்சிட்டு வாரேன்னு சொன்னேளா, எனக்கு மனசு என்னமோ பண்ணிட்டு. அந்தப் பொம்பளைக்கும் யாராவது தண்ணி குடுத்து அனுப்பணும்னு தோணிச்சு."

அவளுக்குப் போன வேஷத்துக்காக உள்ளுக்குள் புழுங்கியவள் நான். அவளோ தனக்குக் கிடைத்த வேஷத்தில் எனக்கும் ஒரு நாற்காலி போட்டிருக்கிறாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. "வாரேன்" என்றேன். "வாங்கக்கா" என்றாள்.

தொடர் வந்துவிட்டது. என் காட்சி கண்ணை மூடித் திறப்பதற்குள் போய்விடும். என் வீட்டுக்காரர் பார்க்கிறவர்களிடமெல்லாம் செல்போனை நீட்டி, "இந்தா வாரா பாருங்க, தண்ணிச் செம்போட" என்று காட்டிக்கொண்டிருக்கிறார். பள்ளியில் பிள்ளைகள் என்னைப் பார்த்ததும் தண்ணீர் பாட்டிலை நீட்டிச் சிரிக்கிறார்கள். அதற்குப் பிறகும் ஆடிஷனுக்குப் போயிருக்கிறேன். வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறார்கள். முன்போல் அது என்னைச் சாய்ப்பதில்லை. எழுந்து வரும்போது 'வாரேன்' என்று சொல்லிவிட்டுத்தான் வருகிறேன். அடுத்து உட்கார்ந்திருக்கிற பெண் யாராக இருந்தாலும் அவளிடம் 'போயிட்டு வாங்க' என்றும் சொல்கிறேன்.

இப்போதெல்லாம் அந்தக் கல்லூரி மேடையை நினைத்தால் எனக்கு வருத்தம் வருவதில்லை. அன்று மையைக் கழுவிவிட்டுப் படி இறங்கியபோது நான் 'போறேன்' என்று சொல்லியிருக்க முடியாது, எங்கள் அம்மா வளர்த்த வாய் 'வாரேன்' என்றுதான் சொல்லியிருக்கும். வருவதற்குக் கொஞ்சம் நேரமாகிவிட்டது, அவ்வளவுதான்.