லிண்டால்வாவுக்கு அக்கா பதவி கிடைத்த வரலாறு

பெலேம் நகரத்தில் எங்கள் தெருவிலேயே பெரிய வீடு டோனா சுலெய்தேயினுடையது. பெரிய மனசும் அந்த அம்மாளுக்குத்தான் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டிருந்தோம். மராஜோ தீவின் ஆற்றங்கரைக் குடிசையிலிருந்து எட்டு வயது லிண்டால்வாவைப் "படிக்க வைக்கிறேன்" என்று கூட்டிவந்து வளர்த்தவர் அவர். ஞானஸ்நானத்தில் ஞானத்தாயாக நின்றதும் அவரே; அதனால் லிண்டால்வாவுக்கு அவர் "ஞானம்மா". படிப்பு உடனே தொடங்கியது. முதல் பாடம் சமையல், இரண்டாவது பாடம் துணி துவைத்தல், மூன்றாவது பாடம் அம்மாளின் கைக்குழந்தை அலுயீசியோவைத் தூக்கி வைத்திருப்பது. இந்தப் படிப்பு நாற்பத்தொரு வருடம் நீடித்தது.

லிண்டால்வா பிறப்பைப் பதிவு செய்யாமலே வந்த குழந்தை. பிறகு அவசரமாக எடுத்த சான்றிதழில் அம்மா பெயர் எழுதும் வரியில் வெறும் நட்சத்திரக் குறிகள். எங்கள் ஊரிலோ மருத்துவமனை, வங்கி எங்கே போனாலும் முதல் கேள்வியே "அம்மா பேரு என்ன?" என்பதுதான். லிண்டால்வா ஒவ்வொரு முறையும் தலைகுனிந்து, "நட்சத்திரம்தான் போட்டிருக்கு" என்பாள். ஒருமுறை தீவுக்குப் போய்த் தேடினாள். குடிசை நின்ற கரையையே ஆறு தின்றிருந்தது. அம்மா எங்கே போனாள் என்று சொல்லவும் ஆளில்லை.

டோனா சுலெய்தே இறந்த மறுவாரம் அலுயீசியோ, இப்போது பல் டாக்டர், வீட்டை விற்கப்போவதாகவும் அடுப்படிக்குப் பின்னாலிருக்கும் அறையை லிண்டால்வா காலி செய்ய வேண்டும் என்றும் சொன்னான். எனக்கு ரத்தம் கொதித்தது. எதிர்வீட்டுக்காரனாக இருபது வருடம் அவள் சமையலைச் சாப்பிட்டவன் அல்லவா? நானே வக்கீலிடம் கூட்டிப்போய்த் தொழிலாளர் கோர்ட்டில் நாற்பத்தொரு வருடச் சம்பளம் கேட்டு வழக்குப் போட வைத்தேன்.

அங்கே அலுயீசியோ அழுதான். நல்ல அழுகை, கைக்குட்டை நனைந்தது.

"நீதிபதியம்மா, இவங்க எங்க அக்கா! கூடப் பொறக்கலைன்னா என்ன? என்னை இடுப்புல தூக்கி வளத்தவங்க. அக்காவுக்கு யாராச்சும் சம்பளம் குடுப்பாங்களா?"

லிண்டால்வா எழுந்து நின்றுவிட்டாள். நாற்பத்தொரு வருடத்தில் அவனுக்கு அவள் "ஏய், லிண்டா" தான். அன்று சாயங்காலமே வழக்கை வாபஸ் வாங்கி, இனி எப்போதும் கேட்கமாட்டேன் என்றும் எழுதிக் கொடுத்துவிட்டாள்.

"அடிப்பாவி, என்ன காரியம் பண்ணினே?" என்றேன்.

"தம்பி மேல எந்த அக்காவாவது கேஸ் போடுவாளா? நீங்க சும்மா இருங்க" என்றாள். முகத்தில் அப்படியொரு வெளிச்சம். "இனிமே அந்த நட்சத்திரத்த எடுத்துட்டு ஞானம்மா பேர எழுதிக்கலாம்ல? தம்பியே சொல்லிட்டானே."

எழுதிக்கொள்ளலாம்தான். வளர்த்த பிள்ளையையும் பிள்ளை என்று ஏற்கும் சட்டம் இருக்கிறது. அதே வக்கீல், ஆனால் வேறு கோர்ட்டு. வீட்டில் பங்கு வேண்டாம், பெயர் மட்டும் போதும் என்று லிண்டால்வா ஆயிரம் தடவை சொன்னாள். பெயர் வந்தால் பின்னாலேயே பங்கும் வரும் என்று அலுயீசியோவுக்கு யாரோ சொல்லிவிட்டார்கள்.

இந்தக் கோர்ட்டில் அவன் அழவில்லை. "வேலைக்காரிங்க ஐயா. எங்கம்மா எரக்கப்பட்டு வச்சிருந்தாங்க. அக்கான்னு அன்னைக்குச் சொன்னது ஒரு மரியாதைக்கு."

நீதிபதி லிண்டால்வாவைக் கேட்டார்: "அவங்களோட ஒரே மேசையில உக்காந்து சாப்பிட்டிருக்கீங்களா?"

பொய் சொல்லத் தெரியாத படிப்பு அவளுடையது. "எல்லாரும் சாப்பிட்டு எழுந்தப்புறம் சாப்பிடுவேங்கய்யா. அடுப்படியில."

கடைசி சாட்சி நான். வீர உரை தயாராகத்தான் இருந்தது. ஆனால் என் கீழ்வரிசையில் நான்கு பற்கள் அலுயீசியோவின் கையில் பாதி வேலையில் நின்றன. அவன் என்னைப் பார்த்து மெதுவாகப் புன்னகைத்தான்.

"அந்த வீட்டுப் பிள்ளை மாதிரிங்க" என்றேன்.

"பிள்ளையா, பிள்ளை மாதிரியா?"

"மாதிரிதாங்க, ஐயா."

வழக்கு தள்ளுபடியானது.

வெளியே தாழ்வாரத்தில் அலுயீசியோ ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "அக்கா, மனசுல வச்சுக்காதீங்க. கோர்ட்டுன்னா ஆயிரம் பேசுவோம். நசரே மாதா பவனிக்கு இன்னும் பத்து நாள்தான இருக்கு, மரவள்ளி இலைய எப்ப அடுப்புல ஏத்துறீங்க? ஏழு நாள் கொதிக்கணுமாமே, இல்லேன்னா வெஷமாம். எங்க யாருக்கும் பக்குவம் தெரியாது. சொந்தக்காரங்க எல்லாம் விருந்துக்கு வராங்க."

அவள் கையை விடுவித்துக்கொண்டாள். "யாரக் கேக்குற தம்பி? அக்காவையா, வேலைக்காரியையா?"

அவன் உண்மையாகவே குழம்பினான். பிறகு சமாதானமாகச் சிரித்தான். "ரெண்டு பேரையுந்தான்க்கா."

"அப்ப ரெண்டு பேருமே வரல."

விருந்து அந்த வருடம் நடக்கவில்லை. பெற்ற தாய் மாதிரி வளர்த்தவளின் ஆத்மாவுக்கே துரோகம் செய்துவிட்டாள் என்று தெரு முழுக்கப் பேச்சு.

அன்று கோர்ட்டிலிருந்து நானும் அவளும் ஒரே பஸ்ஸில்தான் திரும்பினோம். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பக்கத்து இருக்கையில் தன் பையை வைத்துக்கொண்டாள். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்பாள், கேட்பாள் என்று பின்னால் நின்றபடி வழியெல்லாம் பதில் தயாரித்துக்கொண்டே வந்தேன். அவள் கேட்கவே இல்லை.