ஞாயிற்றுக்கிழமைக் கோப்பு

என் பழைய கம்ப்யூட்டரில் விண்டோஸ் எழவில்லை. பார்மட் செய்தால் ஓடும் என்றார் ஹைவே ஓரக் கம்ப்யூட்டர் கடைக்காரர். செய்தால் என் நாட்குறிப்பு போய்விடும். நாளுக்கொரு கோப்பாக ஆறு வருடம் எழுதியது. வேறு பிரதி கிடையாது.

அந்த வருடங்களில் இருங்காட்டுக்கோட்டை அறையில் நாங்கள் இருவர்: நானும் தூத்துக்குடிப் பக்கத்துத் தம்பி ஒருவனும். ஷிப்ட் ஒத்துவராமல் வாரக்கணக்கில் முகம் பார்க்க மாட்டோம். அன்றைய கோப்பின் அடியில் எனக்கு எழுதிவிட்டுப் போவான்: சோறு இருக்கிறது, மோட்டார் ஓடவில்லை, உங்கள் சட்டையை எடுத்துக்கொண்டேன். ஊரில் வேலை கிடைத்து, ஒரு திங்கட்கிழமை கிளம்பிவிட்டான். அவன் போன் உடைந்து கிடந்ததால் அழைக்கவும் வழியில்லை. மாலையில் திங்கட்கிழமைக் கோப்பைத் திறந்தேன். ஒரு வரி இல்லை. பிறகு அவன் புது எண் கிடைத்தும் நான் பேசவில்லை. அறைக்கு வேறு ஆளையும் சேர்க்கவில்லை.

பார்மட் செய்யாமல் கோப்புகளை எடுக்க, சிடியிலிருந்து கம்ப்யூட்டரைக் கிளப்ப நினைத்தேன். ஆனால் இதற்குத் தானாக சிடியிலிருந்து கிளம்பத் தெரியாது. அதற்காக பிளாப்பியில் பூட் மேனேஜர் என்ற சிறு புரோகிராமை ஏற்றினேன். முதலில் அது எழுந்து, எதிலிருந்து தொடங்கலாம் என்று பட்டியல் காட்டும். இரண்டு பிளாப்பிகள் பூஞ்சை பிடித்திருந்தன. மூன்றாவது உறுமிக்கொண்டிருந்தபோது வீட்டுக்கார அம்மா எட்டிப் பார்த்தார்.

"இன்னாபா, இத்த இன்னும் வச்சிகினு கீற? காயலாங்கடைல போட்டுட்டு ஒரு கல்யாணத்த பண்ணிக்கோ."

பட்டியலில் சிடியைத் தேர்ந்து என்டர் தட்டினேன். விண்டோஸ் இல்லாமல் சிடியிலிருந்தே ஓடும் லினக்ஸ் மெதுவாக எழுந்தது. என் கோப்புகள் வரிசையாகத் தெரிந்தன. பென் டிரைவில் ஏற்றி, ஒவ்வொன்றாகத் திறந்து சரிபார்த்தேன். அவன் போனதற்கு முந்தைய நாளான ஞாயிறின் கோப்பில், நான் எழுதி முடித்ததற்குக் கீழே அவன் எழுதியிருந்தான்: "அண்ணே, இன்னைக்கு ராத்திரி எட்டு மணி பஸ். ஏழுலேருந்து ஸ்டாப்புல நிக்கேன். வாங்க."

சி ஷிப்ட் என்ற இரவு வேலைக்கு ஞாயிறன்று ஏறியவனுக்கு, திங்கள் விடிந்து இறங்கினாலும் கம்பெனிப் பதிவில் ஞாயிறுதான். திங்கள் காலை அறைக்கு வந்தவன் அந்தக் கணக்கில் ஞாயிறு கோப்பிலேயே எழுதிவிட்டான். முடிந்த கோப்பை நான் திரும்பத் திறப்பதில்லை.

அன்றே அவனை அழைத்தேன். விஷயத்தைச் சொன்னேன்.

"எட்டு மணி வண்டிய விட்டுட்டு ஒம்பதரைக்குத்தாம்ணே ஏறுனேன். நீங்க கோவமா இருக்கியன்னு நெனச்சேன்."

நானும் உன்னை அப்படித்தான் நினைத்தேன் என்றேன். அவன் பின்னால் ஒரு குழந்தை சிணுங்கியது.

"இப்ப ரூம்ல கூட யாருண்ணே இருக்கா?"

யாரும் இல்லை என்றேன்.