பாட்டில் விட்ட இடைவெளி

மாமா லிஃப்ட் மெக்கானிக். பல் மருத்துவமனை வரவேற்பு மேசையில் வேலை பார்க்கும் என் அக்கா ஒருநாள் லிஃப்டில் மாட்டிக்கொண்டாள். கதவிடுக்கு வழியே முக்கால் மணி நேரம் பேசிப் பேசியே அவளை அழவிடாமல் வெளியே எடுத்தவர் அவர். அப்படித்தான் எனக்கு மாமா ஆனார்.

அப்பா அம்மா இல்லாமல் விடுதியில் வளர்ந்தவர். பயிற்சி கொடுக்க வந்த ஜப்பான் இன்ஜினியர் ஒருவர், தங்கள் ஊரில் மனைவி கணவனை ‘அனதா’ என்பாள், அவன் ‘ஹை’ என்று பதில் குரல் கொடுப்பான் என்று சொல்லியிருக்கிறார். அன்று சாயங்காலமே மாமா ஒரு காதல் பாட்டுக்கு மெட்டுப் போட்டுவிட்டார்.

“நீ ‘அனதா’ன்னு கூப்பிடணும். நான் ‘ஹை’ம்பேன்.”

“அநாதைன்னுல்ல கேக்குது! வயித்துல புள்ளைய வச்சுக்கிட்டு என் வாயால அதைச் சொல்ல மாட்டேங்க.”

“அந்த வார்த்தைய நான் திட்டா மட்டுந்தான்டி கேட்டிருக்கேன். ஒரு நாட்டுல அது பொண்டாட்டி கொஞ்சுற வார்த்தை. ஒரே ஒரு தடவை கூப்பிடேன்.”

“வாயக் கழுவுங்க முதல்ல.”

“மச்சினி, நீயாவது பாடேன்.”

“நான் பாடினா ஓடுற லிஃப்டும் நின்னுடும் மாமா,” என்றேன். அக்கா என்னையும் முறைத்தாள்.

மாமா தனியாகவே பதிவு செய்தார். அக்கா பாட வேண்டிய இடத்தைக் காலியாக விட்டார். மெட்டு, கொஞ்சம் மௌனம், பிறகு ‘ஹை’. அதையே ரிங்டோனாக வைத்துக்கொண்டார். அந்த மௌனம் வரும்போதெல்லாம் அக்கா உதட்டைக் கடித்துக்கொள்வாள்.

போன வியாழக்கிழமை அக்கா வேலை பார்க்கும் கட்டடத்திலேயே மாமாவுக்கு வேலை. ஸ்கேன் ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு நானும் போயிருந்தேன். “நல்லாத்தான் இருக்கு, அவர்கிட்ட சொல்லிடுறேன்,” என்று அக்கா போனை எடுத்தாள். அப்போதுதான் அந்தச் சத்தம். தரையே அதிர்ந்தது.

நாங்கள் போய்ப் பார்த்தபோது நான்காம் மாடியில் லிஃப்ட் கதவு திறந்து கிடந்தது. உள்ளே லிஃப்ட் இல்லை, இருட்டுக் குழிதான். மாமாவின் கருவிப்பை மட்டும் விளிம்பில் இருந்தது.

அக்கா அவர் எண்ணை அழுத்தினாள். அடியாழத்தில் மெட்டு கேட்டது. மௌனம். “ஹை.”

“ஏங்க!”

மறுபடி மெட்டு. மறுபடி அந்த மௌனம் வந்தபோது அக்கா குனிந்து கத்தினாள்.

“அனதா!”

“ஹை,” என்றது குழி.

அக்கா சிரித்த முகத்தோடு என்னைத் திரும்பிப் பார்த்தாள். “பதில் சொல்றார்டி!”

அவள் கையில் போன் இன்னும் அழைத்துக்கொண்டிருந்தது. அதை நான் சொல்லவில்லை. பாட்டு முழுவதும் அடித்து ஓய்ந்தது.

“அனதா,” என்று மறுபடி கூப்பிட்டாள். பிறகு இன்னொரு முறை. கீழே மௌனம் மட்டும் நீண்டது.