கறுத்த திரையைத் துடைத்தவர்

பாசிர் ரிஸ்ஸில் ஒரு தனியார் அடுக்குமாடியின் காவலறைக்கு, கேமரா மென்பொருளைப் புதுப்பிக்கப் போயிருந்தேன். பணியில் இருந்தவர் ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண்மணி. ஏர்கானுக்குப் பயந்து சீருடைக்கு மேல் ஸ்வெட்டர் போட்டிருந்தார். திரையைப் பார்க்கும் முன் ஒவ்வொரு முறையும் கைக்குட்டையால் அதைத் துடைப்பார்.

சர்வரில் புது வெர்ஷன் ஏறியது. அவர் மேசைக் கணினியில் இருந்த பழைய வெர்ஷனால் அதனுடன் இணைய முடியவில்லை. படங்கள் எல்லாம் போய்விட்டன. கறுத்த திரையையும் அவர் துடைத்துப் பார்த்தார்.

“கார் பார்க் தெரியலையே தம்பி. யாராவது உள்ள பூந்துட்டா?”

“புது வெர்ஷன் உங்க கம்ப்யூட்டர்ல ஓடாதுக்கா. வேற கம்ப்யூட்டருக்கு அப்ரூவல் வரணுமாம்.”

“அதுவரைக்கும் நான் எதப் பாக்கிறது லா?”

மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு, சர்வரைப் பழைய வெர்ஷனுக்கே திருப்பினேன். மாலையில்தான் படங்கள் வந்தன. அவர் திரையைத் துடைத்துவிட்டுக் கார் பார்க்கை நிதானமாகப் பார்த்தார்.

“நல்லா அப்கிரேட் பண்ணிட்டீங்க தம்பி. முன்ன மாதிரியே இருக்கு.”

முகத்தில் சிரிப்பே இல்லை. இந்த வேலையில் என்னை யாரும் பாராட்டியதில்லை. அது கேலியா என்று கேட்கத் தெம்பில்லாமல் ரயிலேறிவிட்டேன்.