ஸ்காபரோவில் இருந்து மலாவிக்குக் குழாய் போட்ட கதை

கனடாவில் இருந்து தொண்டு செய்ய ஆப்பிரிக்காவுக்கு ஆள் அனுப்புவது என் தொழில். போனவர்கள் திரும்பி வரும்வரை தலையைப் பிய்த்துக்கொள்வதும் அதற்குள் அடக்கம். இப்படி ஓர் அலுவலகத்தில் குப்பை கொட்டியவர்களுக்கு நான் சொல்லப்போவது புதிதாக இராது. மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போங்கள்.

போன வருடம் எங்களுக்குக் கிடைத்தது மலாவி நாட்டில் ஒரு கிராமம். பிரசவ நிலையம் இருக்கிறது, தண்ணீர் இல்லை. பிள்ளை பெற வரும் பெண்ணோடு துணைக்கு வருகிறவள்தான் ஆற்றில் இருந்து வாளியில் சுமக்க வேண்டும். மழை தொடங்கினால் மண் சாலை சேறாகிவிடும், லொறி போகாது. அதற்கு முன் குழாய் போட்டு முடிக்க வேண்டும். ஊர்க்காரர்கள் மண் வெட்டுவார்கள். கூட வேலை செய்ய இங்கிருந்து இரண்டு பேர்: யூனியன்வில்லில் பிறந்து வளர்ந்த அபிராமி, தண்ணீர்க் குழாய் வேலையில் இருந்து ஓய்வு பெற்ற பிறம்ரன் நகரத்து ராஜன் அண்ணை.

அந்த ஊரில் எங்கள் பொறுப்பாளர் மேர்சி, அந்த ஊர்ப் பெண். அவர் பேசுவது ஆங்கிலம். தினமும் கேட்டுக் கேட்டு இப்போது என் காதில் அது எங்கள் தமிழாகவே விழுகிறது. அப்படியே எழுதுகிறேன்.

கோழி

அபிராமி போய் இறங்கிய அன்றே பக்கத்து வீட்டுப் பெண் முழங்காலிட்டு, இரண்டு கையாலும் ஓர் உயிர்க் கோழியை நீட்டியிருக்கிறாள். அபிராமியோ சுத்த சைவம். கோழிக்கு 'பிரின்சஸ்' என்று பெயர் வைத்து, காலில் ரிபன் கட்டி, எனக்குப் படமும் அனுப்பினாள். பிரின்சஸ் ஊரெல்லாம் உலாவியது. கொடுத்தவள் பேச்சை நிறுத்திவிட்டாள். அவளைப் பார்த்து மற்றப் பெண்களும் வேலைக்கு வரவில்லை.

விருந்தாளிக்குக் கொடுத்த கோழி சட்டிக்குப் போக வேண்டும். போகாமல் வீதியில் திரிந்தால், 'உன் கோழி என் சட்டிக்குத் தரமில்லை' என்று ஊருக்கே அறிவித்த மாதிரி. இதை நான் அபிராமிக்கு விளங்கப்படுத்தினால், "அன்ரி, ஐ சேவ்ட் இற்ஸ் லைஃப்!" என்று கத்துகிறாள். கடைசியில் கொடுத்தவளையே கூப்பிட்டுச் சமைக்க வைத்தோம். அபிராமி கீரையும் களியும் தின்றுகொண்டு விம்மி விம்மி அழுதாளாம். பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பெண் மேர்சியிடம் சொன்னாள்: "நல்ல மனசுள்ள பிள்ளை. ஆனா இவவின்ர வீட்டுக்குப் பசியோட போகக்கூடாது."

அலவாங்கு

ராஜன் அண்ணை விடியக் காலையில் வேலையிடத்துக்கு வந்ததும், மண் கிண்டும் கடப்பாரையைத் தேடி, "அலவாங்கு எங்க?" என்றுதான் தொடங்குவார். அங்கே அது முறையில்லை. ஒவ்வொருவரிடமும், சுகமாக எழும்பினீர்களா என்று கேட்க வேண்டும். அவர்கள் பதில் சொல்லி, திருப்பிக் கேட்டு, நீங்களும் பதில் சொன்ன பிறகுதான் மற்றப் பேச்சு. அண்ணை அதைத் தாண்டிக் குதித்ததில், ஒரு நாள் ஆண்கள் எல்லோரும் குழிக்குள் இறங்காமல் கரையில் நின்றுவிட்டார்கள்.

"தங்கச்சி, நான் வேலை செய்ய வந்தனானோ, சுகம் விசாரிக்க வந்தனானோ?" என்று என்மேல் பாய்ந்தார். இதே மனிதர் ஸ்காபரோவில் கலியாண மண்டபத்துக்குள் நுழைந்தால், வாசலில் இருந்து ஒவ்வொருவராகச் சுகம் விசாரித்துக் கதிரைக்குப் போய்ச் சேருவதற்குள் தாலி கட்டி முடிந்துவிடும்! மேர்சியிடம் விசாரித்தேன். "அவர் எழும்பேக்கையே கோவத்தோட எழும்புறார். கோவமா இருக்கிற ஆளின்ர கையில அலவாங்கைக் குடுக்க ஆருக்கும் துணிவில்லை" என்றார்.

வழியனுப்பு

அபிராமி ஒரு வீட்டுக்குப் போய்விட்டுக் கிளம்பினாள். வீட்டார் எழும்பிக் கூடவே நடந்தார்கள். இவள் வேகமாக நடந்தாள், அவர்களும் வேகமாக நடந்தார்கள். தன்னைச் சந்தேகப்பட்டுப் பின்தொடர்கிறார்கள் என்று நினைத்து, கையைக் காட்டித் திருப்பி அனுப்பிவிட்டாள். மறுநாள் எனக்குப் பஞ்சாயத்து. "விருந்தாளியைப் பாதி வழியாவது கொண்டுபோய் விடவேணும். வேண்டாம் எண்டு தடுத்தால், இனி என்னைக் கூப்பிடாதேங்கோ எண்டுதானே அர்த்தம்?" என்றார் மேர்சி.

செத்தவீடு

குழாய் பிரசவ நிலையத்தை நெருங்கிவிட்டது. அந்த நேரம் பார்த்து ஊர்க் கோடியில் ஒரு கிழவர் இறந்துபோனார். ஊர் முழுக்க வேலை நின்றது. அடக்கம் முடியும்வரை யாரும் தோட்டத்தில்கூட மண்ணைக் கொத்தமாட்டார்கள். ராஜன் அண்ணைக்குப் பொறுக்குமா? மழை வரப்போகிறதே என்று தனியாக நின்று கொத்தியிருக்கிறார். உதவி செய்வதாகத்தான் நினைப்பு. பிரேதத்தோடு போன ஊர் முழுவதும் அதைப் பார்த்தது. அன்று பின்னேரமே ஊர்த் தலைவர் சொல்லி அனுப்பிவிட்டார், உங்கள் குழாயையும் எடுத்துக்கொண்டு போங்கள் என்று.

இவ்வளவு தூரம் வந்த தண்ணீர், வாசலுக்கு வராமல் நிற்கப்போகிறது. தலைவரிடம் போனில் மன்னிப்புக் கேட்டேன். அண்ணையைச் செத்தவீட்டுக்குப் போய் ஆண்களோடு நிலத்தில் உட்கார்ந்து இருக்கச் சொன்னேன். "போய் என்னத்தைக் கதைக்கிறது?" என்றார். ஒன்றும் கதைக்காதீர்கள் அண்ணை, அது போதும் என்றேன். போனார். தலைவரும் இரங்கிவிட்டார். ஆனால் அண்ணைக்கு ஆறவில்லை: "நான் இருந்திட்டன், தங்கச்சி. நாங்கள் இருந்து எழும்புமட்டும் மழை காத்துக்கொண்டு நிக்குமோ?"

மல்வேர்ன்

அதற்குப் பிறகுதான் என் அம்மா போனார். ஸ்காபரோவில், மல்வேர்ன் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டில், நித்திரையில். அலுவலகத்தில் இருந்து மேலாளர் உருக்கமாக ஈமெயில் அனுப்பினார். விடுமுறைக்குப் போக முன் குழாய் அறிக்கையை அனுப்ப முடியுமா என்று கடைசி வரியில் கேட்டிருந்தார். அனுப்பினேன். மேர்சிக்கும், அம்மா போய்விட்டார், சில நாள் போன் எடுக்கமாட்டேன் என்று ஒரு வரி போட்டேன்.

அடக்கத்தன்று காலையில் இறுதிச்சடங்கு மண்டபத்தில் அம்மாவைப் பார்வைக்கு வைத்தோம். எங்களுக்கு அடுத்து மண்டபம் எடுத்திருந்த குடும்பம் வெளியே காத்திருந்தது. வந்தவர்கள் பார்க்கிங் பற்றிப் பேசினார்கள். போன் விடாமல் அதிர்ந்தது. ராஜன் அண்ணை. வெளியே வாகனத் தரிப்பிடத்துக்குப் போய் எடுத்தேன். "தங்கச்சி, வானம் கறுத்துப்போச்சு, ஒருத்தனும் வேலைக்கு வரேல்லை! திரும்பவும் ஆரோ செத்திட்டினமாம்!"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. மேர்சியைக் கூப்பிட்டேன். சுகம் விசாரிக்கவும் இல்லை. இந்த முறை யார் செத்தது என்று சத்தம் போட்டேன்.

மேர்சி சொன்னார்: "உங்கட அம்மா. உங்கட ஊருக்கு எங்களால வர ஏலாது. அதால இஞ்ச நிலத்தில இருக்கிறம். அவவையும் பாதி வழியாவது கொண்டுபோய் விடவேணுமெல்லோ?"

அந்த வாகனத் தரிப்பிடத்தில் நின்றுதான் நான் முதல் தடவையாக அழுதேன்.

மழை முந்திக்கொண்டது. கடைசிக் குழாய்களோடு வந்த லொறி சேற்றில் புதைந்தது. ஊர் ஆண்கள் குழாய்களைத் தோளில் சுமந்து நடந்தார்கள், ராஜன் அண்ணை முன்னால் நடந்தார். பிரசவ நிலையத்தில் தண்ணீர் வந்த அன்று அண்ணை எனக்குப் போன் எடுத்தார். குழாயைப் பற்றித்தான் சொல்லப்போகிறார் என்று காதைக் கொடுத்தால், முதலில் கேட்டார்: "தங்கச்சி, சுகமா எழும்பினீங்களோ?"

இப்போது புதிய தொண்டர்களுக்கு நான் முதலில் பழக்குவது செத்தவீட்டில் சும்மா இருக்கத்தான், அதற்கும் போன வகுப்பில் ஒருவர் கையை உயர்த்தி, எவ்வளவு நேரம் என்று கேட்டார்.