மூன்றாம் தாளின் பின்பக்கம்

கொட்டாரத்தில் எங்கள் பள்ளிக்கூடத்தில் விடை தெரியாமல் நின்றவளின் தலையில், விடை சொன்னவள் குட்ட வேண்டும். குட்டிவிட்டு அவளுடைய இடத்துக்கு ஏறி நிற்கலாம். நானும் என் கூட்டுக்காரியும் ஒருவரையொருவர் குட்டிக் குட்டியே ஏழாம் வகுப்புவரை வந்தோம்.

அந்த வருடம், பள்ளியை நடத்திய வெள்ளைக்கார மிசியம்மாள் ஆங்கில எழுத்துக்கூட்டுப் போட்டி வைத்தார். ஜெயிப்பவளுக்குப் பட்டணத்துப் பெண்கள் போர்டிங்கில் சம்பளமில்லாமல் ஓர் இடம். என் அப்பா சபையில் உபதேசியார். நான் தோற்றாலும் கடன்பட்டாவது என்னை அனுப்பியிருப்பார். அவள் அப்பாவோ, தோற்றால் கல்யாணம் என்று சொல்லிவிட்டார்.

போட்டிக்கான சொற்கள் மூன்று தாள்களில் வந்தன. என் கையெழுத்து தெளிவு என்பதால், அவளுக்கும் ஒரு பிரதி எழுதிக் கொடுக்கச் சொன்னார் வாத்தியார். கொடுத்தேன். போட்டி நாள் காலையில் தாள்களைப் புரட்டியபோதுதான் கண்டேன். மூன்றாம் தாளின் பின்பக்கத்தை அவளுக்கு எழுதாமல் விட்டிருந்தேன். இருபது சொற்கள். அவள் வீடு இரண்டு வயல் தாண்டித்தான். முந்நூறில் இருபது, அதிலா கேட்கப்போகிறார்கள் என்று நினைத்து, உட்கார்ந்து தலை பின்னிக்கொண்டேன்.

கடைசியில் நாங்கள் இருவர் மட்டும் நின்றோம். மிசியம்மாள், "லெஃப்டினண்ட்" என்றார். பின்பக்கத்தில் நான்காவது சொல். அவள் தொடங்கி, நிறுத்தி, ஓட்டுக்கூரையைப் பார்த்தாள். நான் சொன்னேன்.

மெதுவாகத்தான் குட்டினேன்.

"ஏட்டி, பூவா போடுத? நல்லாக் குட்டு. நீ பாவம் பாத்து விட்டேன்னு எவளும் சொல்லப்பிடாது," என்று அவளே தலையைச் சாய்த்துக் கொடுத்தாள். எல்லோரும் சிரித்தார்கள். மறுபடியும் குட்டினேன்.

தை மாதம் அவளை அஞ்சுகிராமத்தில் கட்டிக்கொடுத்தார்கள்.

நான் கம்பவுண்டர் படிப்பு முடித்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தபின் ஒருநாள், காய்ச்சல் கண்ட பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மருந்து ஜன்னலில் அவள் வந்து நின்றாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"அத்தே, என்னைத் தோக்கடிச்சவ இவதான். வேற ஒருத்தியும் கெடையாது, கேட்டியளா," என்று பக்கத்தில் நின்ற மாமியாரிடம் பெருமையாகச் சொன்னாள்.

"போதும் பெருமை. மருந்தை வாங்கு," என்றாள் மாமியார்.

அவள் குரலைத் தாழ்த்தினாள். "மக்கா, ஒண்ணு கேக்கட்டா? நீ தந்த தாளு முழுக்க மனப்பாடமாக்கும். அந்த ஒரு சொல்லு எப்படி மறந்துச்சு? அடுப்பு மூட்டும்போ இப்பவும் ஓர்ம வரும். எனக்க புத்தியிலதான் ஏதோ கொறை."

"கொறையெல்லாம் ஒண்ணுமில்ல," என்றேன். குப்பியில் சீட்டை ஒட்டினேன். குலுக்கிக் கொடுக்கணும், மூணு வேளை, சாப்பாட்டுக்குப் பின்னால் என்றேன்.

மறந்துவிடக்கூடாதே என்று, அவள் என் முன்னாலேயே அதை மூன்று தடவை சொல்லிப் பார்த்தாள்.