சவர்த் தண்ணீரில் கழுவிய மணல்

அரசாங்க வீட்டுத்திட்டத்தில் வீடு கிடைத்தவர்கள் எங்கள் ஒழுங்கையில் இப்போது நாலைந்து பேர் இருக்கிறார்கள். கொடுக்கிற காசு கூரைக்கு முன்பே முடிந்துவிடுவதால், செலவைக் குறைக்கும் வழிகளைக் கைத்தொலைபேசியில் பார்த்து ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். என்னையும் கேட்பார்கள். எனக்கு நாலு பேர் நடுவில் பேச வராது. சிரித்துவிட்டு வந்துவிடுவேன். இதையெல்லாம் எங்கள் அப்பா எப்போதோ செய்து முடித்தவர் என்று வாய் வரை வரும். சொன்னால் மிச்சத்தையும் சொல்லவேண்டி வரும்.

அப்பா வளைந்த ஆணியை எறியமாட்டார். கல்லில் வைத்துத் தட்டி நிமிர்த்திப் பால்மாப் பேணிக்குள் போட்டு வைப்பார். கூரை மரத்தைக் கறையான் அரிக்காமல் இருக்க, டிராக்டர்காரரிடம் கழித்த எஞ்சின் எண்ணெயைக் கேட்டு வாங்கிவந்து பூசினார். சுவரின் மட்டம் பார்க்கக் கருவி வாங்கவில்லை. ஆஸ்பத்திரியில் எறிந்த சேலைன் குழாய்க்குள் தண்ணீர் விட்டு, இரண்டு முனையையும் சுவரில் பிடித்துப் பார்த்தார். போகிற வருகிறவர்களை நிறுத்தி அதைக் காட்டவும் செய்தார்.

“காசு குடுத்துக் கட்டுவிக்கிறவனுக்கு வீட்டைப் பற்றி என்ன தெரியும்? குடிபோகத்தான் தெரியும்” என்பார்.

அப்பாவும் அம்மாவும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, கண்டாவளைப் பக்கம் வயல்காணி பெற்றுக் குடியேறியவர்கள். நாங்கள் மண்வீட்டில்தான் இருந்தோம். அப்பா கட்டிய கல்வீடு எங்களுக்கு அல்ல. அக்காவின் சீதனம். எங்கள் ஆட்களிடம் பெண்ணோடு வீடும் போகவேண்டும். அக்காவுக்கு வயது ஏறிக்கொண்டிருந்தது. வவுனியாவில் ஒரு இடம் பொருந்தியது. மாப்பிள்ளை வீட்டார் தை மாதம் வந்து வீட்டைப் பார்ப்பார்களாம், பிடித்தால் வைகாசியில் கலியாணமாம் என்று தரகர் சொல்லிவிட்டுப் போனார்.

சீமெந்து வாங்கியே ஆகவேண்டும். மணலுக்கு ஏன் காசு என்று அப்பா யோசித்தார். ஆற்று மணல் டிராக்டரில் வரவேண்டும். ஆனையிறவுக் கடலேரிக் கரையில் மணல் சும்மா கிடந்தது. மாட்டுவண்டிலைக் கட்டிக்கொண்டு போய் ஏற்றிவந்து வளவில் குவித்தார்.

அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை.

“இஞ்சாருங்கோ, உது உப்பு மணலெல்லே. ஒரு மாரி மழையிலை கிடக்கவேணும்.”

“மழையைப் பாத்துக்கொண்டு நிண்டா தை போயிடும். கழுவி எடுப்பம். உமக்கு எல்லாத்துக்கும் பயம்.”

அப்படித்தான் மணல் கழுவும் வேலை தொடங்கியது. அப்பா பீப்பாய் ஒன்றை வெட்டித் தொட்டியாக்கினார். அக்கா கிணற்றில் அள்ளி ஊற்றுவாள். அப்பா மண்வெட்டியால் பிரட்டுவார். கலங்கல் ஓடியதும் மறுபடி ஊற்றுவாள். எனக்கு அது விளையாட்டு. வழிந்தோடும் தண்ணீரில் வாய்க்கால் வெட்டினேன்.

ஒவ்வொரு தொட்டியும் முடிந்ததும் அப்பா அம்மாவைக் கூப்பிடுவார். குசினிக்குள்ளிருந்து அம்மா வந்து, ஒரு சிட்டிகை மணலை நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்புவா. கறிக்கு உப்புப் பார்க்கிற அதே முகம்.

“இப்ப உப்பில்லை” என்பா.

அம்மாவின் நாக்கை ஊரில் எல்லோரும் நம்பினார்கள். கலியாண வீடுகளில் அண்டாவை இறக்குவதற்கு முன் அம்மாவைத்தான் கூப்பிடுவார்கள். அம்மா உப்பில்லை என்று சொன்னால் இல்லைதான். அந்த மணலில் அப்பா அச்சில் சீமெந்துக் கல் அரிந்தார், சுவர் எழுப்பினார், பூசினார், வெள்ளையும் அடித்தார். கலியாணப் பந்தல் போட்டதுபோல வீடு நின்றது. அக்கா வாசலுக்கு நேரே செவ்வரத்தந் தடி ஒன்றை ஊன்றினாள். தன் வீட்டில் வைத்த முதல் மரம் என்று அவள் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன். அதற்கு என் காதைத் திருகினாள்.

மாரி மழை முழுவதும் சுவர் நன்றாகத்தான் இருந்தது. மழை விட்டுக் காற்று மாறிய பிறகு அடிப்பக்கத்தில் வெள்ளையாக ஏதோ பூத்தது. வெள்ளை அடித்தது இறங்குகிறது என்றார் அப்பா. அவர்கள் வருகிற அன்று காலை அம்மா துணியால் துடைத்தா. துடைத்த இடம் இன்னும் உதிர்ந்தது.

மாப்பிள்ளையின் தாயும் தகப்பனும் தரகரும் வந்தார்கள். அயலில் இரவல் வாங்கிய கதிரைகளில் இருந்தார்கள். வெயிலில் வந்த களை. அக்கா செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். மாப்பிள்ளையின் தாய் ஒரு வாய் குடித்து, விழுங்காமல் கொஞ்சநேரம் வைத்திருந்தா. பிறகு விழுங்கினா.

“பிள்ளை, இது சவர்த் தண்ணியோ? உப்புக் கரிக்குது.”

அக்கா அம்மாவைப் பார்த்தாள். அம்மா, “இல்லையே, நல்ல தண்ணி. நாங்கள் வந்த நாள் தொட்டு இதைத்தானே குடிக்கிறம்” என்றா. உண்மையாகவே அப்படித்தான் நினைத்திருந்தா.

“எங்கட பக்கம் தண்ணி இனிக்கும். அதாலை எனக்கு டக்கெண்டு தெரியுது. குறை நினையாதேங்கோ” என்றா மாப்பிள்ளையின் தாய். குரலில் ஒரு குத்தலும் இல்லை.

மாப்பிள்ளையின் தகப்பன் எழுந்து சுவரோரம் போனார். “கல்லும் இந்தக் கிணத்துத் தண்ணியிலைதானோ அரிஞ்சது?”

அப்பா அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர்போல நிமிர்ந்தார்.

“ஓம் ஓம். மணல் கழுவினது, கல் அரிஞ்சது, பூசினது, எல்லாம் எங்கட கிணத்துத் தண்ணிதான். வெளியிலை ஒரு சதம் குடுக்கேல்லை.”

மாப்பிள்ளையின் தகப்பன் சுவரில் விரலை வைத்து இழுத்தார். பூச்சு மாவாகக் கொட்டியது. விரலை நாக்கில் வைத்துப் பார்த்தார். திரும்பி வந்து கதிரையில் இருந்தார். தரகர் மழையைப் பற்றிக் கதைத்தார். தட்டத்தில் வைத்த பலகாரத்தில் ஆளுக்கொன்று மரியாதைக்கு எடுத்தார்கள்.

அவர்கள் போன பிறகு அம்மா குசினிக்குப் போனா. கிணற்றுத் தண்ணீரை ஒரு வாய் எடுத்து, அப்படியே நின்றா. துப்பினா. மறுபடி எடுத்தா. “எனக்குத் தெரியேல்லையே. எனக்கு இப்பவும் தெரியேல்லையே” என்று சொல்லிக்கொண்டே இருந்தா.

சாதகத்தை இன்னொருமுறை பார்க்கவேண்டுமாம் என்று தரகர் வந்து சொன்னார். அதன் பிறகு அவர் எங்கள் ஒழுங்கைப் பக்கம் வரவில்லை. அப்பாவும் அம்மாவும் வேறு இடங்களும் பேசிப் பார்த்தார்கள். வீட்டைப் பற்றிய கதை அவர்களுக்கு முன்னே போய் நின்றது.

அக்கா போகவில்லை என்பதில் எனக்கு உள்ளூர மகிழ்ச்சி. எனக்குச் சீப்பால் தலை இழுத்துவிட ஆள் இருந்தது.

அப்பா விடவில்லை. சுவரைத் தினமும் நனைத்து, காயவிட்டு, தும்புத்தடியால் தட்டினால் உப்பு முழுக்க வெளியே வந்துவிடும் என்றார். விடிந்ததும் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். சில நாட்களில் அக்கா அவர் கையிலிருந்து வாளியை வாங்கிக்கொண்டாள். “நீங்கள் வயலுக்குப் போங்கோ அப்பா, நான் ஊத்திறன்” என்றாள். அதன் பிறகு அது அவளுடைய வேலையாயிற்று. ஊற்ற ஊற்றச் சுவர் இன்னும் பூத்தது. பூச்சு தட்டுத் தட்டாகக் கழன்றது. உள்ளே கல் தெரிந்தது. அதுவும் வெள்ளையாகத்தான் இருந்தது.

ஒருநாள் கிணற்றடியில் கேட்டேன்.

“அக்கா, சவர்த் தண்ணியிலை கழுவினா உப்புப் போகுமோ?”

“போகாது.”

“பிறகேன் ஊத்திறாய்?”

அவள் கயிற்றை இழுத்துக்கொண்டே சொன்னாள்: “நான் ஊத்தாட்டி அப்பா ஊத்துவார்.”

அப்பாவுக்கு இடுப்பில் நாரிப் பிடிப்பு இருந்தது. வாளி தூக்கினால் நோகும் என்பதற்காகத்தான் அப்படிச் சொல்கிறாள் என்று அந்த வயதில் நினைத்துக்கொண்டு, நான் விளையாடப் போய்விட்டேன்.